மாற்று முகவரி

அண்ணியிடமிருந்து தொலைபேசி வந்தபோது நான் சாக்ரமெண்டோவில் ஒரு பலசரக்குக் கடையின் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் சாதாரணமாகக் கூப்பிடுகிறவர் அல்ல. நண்பர் இறந்த பிறகு வருஷத்தில் இரண்டு தடவை, பொங்கலுக்கும் அவருடைய திதிக்கும், நான்தான் அவரைக் கூப்பிடுவது.

"தம்பி, ஒங்க பேருக்கு இங்க ஒரு கடுதாசி வந்திருக்கு. போன மாசமும் ஒண்ணு வந்தது. வெளம்பரமா இருக்கும்னு எடுத்து வச்சிட்டேன். இன்னைக்கு வந்ததுல ஏலம்னு எழுதியிருக்கு."

என் பெயருக்கு சான் ஹோசேயில் அவர் வீட்டுக்கு ஏன் கடிதம் வர வேண்டும் என்று புரியவில்லை. வாசிக்கச் சொன்னேன். அண்ணி திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு முன்பு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். எண்களைத் தடுமாறாமல் வாசிப்பார். அறை எண், பாக்கி 600 டாலர் 30 சென்ட், இன்ன தேதிக்குப் பிறகு விற்பனை என்று அவர் வாசித்து முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 2014இல் ஹேவர்டில் ஒரு ஸ்டோரேஜ் அறையை நான் வாடகைக்கு எடுத்தபோது, ஒப்பந்தத்தில் 'மாற்று முகவரி' என்று ஒரு கட்டம் இருந்தது. வாடகைக்காரனைத் தேடிக் கிடைக்காவிட்டால் வேறு யாருக்கு எழுத வேண்டும் என்பதற்காக. நண்பர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "என் அட்ரஸையே போடுங்க, நான் எங்க போகப்போறேன்" என்றார். போட்டேன். 2019இல் அவர் போய்விட்டார். 2021இல் நான் ஃப்ரீமாண்ட் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தேன். முகவரி மாறினால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திட்ட ஷரத்துகளில் ஒன்று. தெரிவிக்கவில்லை. ஆகவே, உயிரோடு இருக்கும் எனக்கு அனுப்பிய நகல் ஃப்ரீமாண்டில் யாரோ ஒருவருடைய குப்பைக் கூடைக்குப் போயிற்று. இறந்தவர் வீட்டுக்கு அனுப்பிய நகல் மட்டும் வந்து சேர்ந்தது.

என் பக்கத்துக் குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 2023 பிப்ரவரியில் எனக்கு வேலை போயிற்று. அதுவரை வாடகை கடன் அட்டையிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தது. அட்டையை வங்கி மாற்றியபோது புதிய எண்ணைக் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன, நான் திறப்பதை நிறுத்திவிட்ட ஒரு பெட்டிக்கு. வேலை போனவன் தபால்களைத் திறப்பதில் காட்டும் தயக்கத்தைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா தெரியாது. அது சோம்பேறித்தனம் அல்ல. திறக்காத உறைக்குள் இருக்கும் தொகை இன்னும் தொகையாகவில்லை என்று மனத்தின் ஏதோ ஒரு மூலை நம்புகிறது.

அந்த அறையில் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தடிக்குப் பத்தடி. அதில் 22 அட்டைப் பெட்டிகள். நானும் நண்பரும் முப்பது வருஷத்தில் சேர்த்தவை: எழுத்து, நடை, கசடதபற, பிரக்ஞை என்று கிடைத்த இதழ்கள், பைண்டு செய்தவையும் செய்யாதவையும், ஒவ்வொருவரும் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தவை. கடிதங்கள். ஒரு பழைய மர அலமாரியின் தட்டுகள். பதினெட்டாவது பெட்டியில் நண்பருடைய ஏழு நோட்டுப் புத்தகங்கள். 2018இல், உடம்புக்கு முடியாமல் போன பிறகு, அவற்றை என்னிடம் கொடுத்து "ஒழுங்குபண்ணி ஏதாவது தேறினா பாருங்க" என்றார். கவிதைகளும், கவிதைகள் பற்றிய குறிப்புகளும், பல பக்கங்களில் வெறும் கடைக் கணக்கும். நான் அப்போது இருந்த வீட்டின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதனால் பெட்டியில் போட்டு ஹேவர்டில் வைத்தேன். அண்ணி இரண்டு தடவை கேட்டிருக்கிறார். "எங்கிட்டதான் பத்திரமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். தமிழில் பத்திரம் என்றால் பாதுகாப்பு. ஆவணம் என்றும் அர்த்தம். இந்த இரண்டில் எந்த அர்த்தத்திலும் நான் சொன்னது நிஜம் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சரக்கு வைக்கும் இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். கிட்டங்கியில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பார். மூட்டையை எண்ணி வாங்கி, சீட்டு எழுதிக் கொடுப்பார். மூட்டை நனைந்தால், எலி கடித்தால், அவரிடம் போய்ச் சண்டை போடலாம். அமெரிக்காவின் ஸ்டோரேஜ் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. 1960களில் டெக்ஸாஸில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய இந்த அமைப்பின் சூட்சுமம், சரக்கைக் கம்பெனி ஏற்றுக்கொள்வதே இல்லை என்பதில் இருக்கிறது. அது வெற்றிடத்தை வாடகைக்கு விடுகிறது. பூட்டு என்னுடையது, சாவி என்னிடம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எனவே கிட்டங்கிக்காரனுக்குரிய பொறுப்பு அவர்களுக்கு இல்லை. சரி, இடத்தை வாடகைக்கு விட்டிருப்பதால் என்னை ஒரு குடித்தனக்காரனாகப் பாவிப்பார்களா என்றால், அதுவும் இல்லை. கலிஃபோர்னியாவின் சட்டப்படி அதற்குள் யாரும் வசிக்கக் கூடாது. வீட்டு வாடகைக்காரனைக் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. பெரும்பாலான வீடுகளுக்கு வாடகை உயர்வுக்கு 2020 முதல் ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. அவை எதுவும் இந்த அறைக்குப் பொருந்தாது. 2014இல் 89 டாலராக இருந்த என் வாடகை 2023இல் 174 ஆகியிருந்தது. குடிக்கூலி என்ற சொல்லில் இருந்து குடியை எடுத்துவிட்டுக் கூலியை மட்டும் வைத்துக்கொண்டது போன்ற ஏற்பாடு.

அந்த ஒப்பந்தத்தை அண்ணியின் தொலைபேசிக்குப் பிறகுதான் முதல் முறையாக முழுக்க வாசித்தேன். நவீன கவிதையின் ஒரு வரிக்கு நாலு பக்கம் எழுதத் தெரிந்தவன், தான் கையெழுத்திட்ட ஒன்பது பக்கத்தை ஒன்பது வருஷம் வாசிக்கவில்லை. உள்ளே வைக்கும் பொருள்களின் மொத்த மதிப்பு 5000 டாலரைத் தாண்டாது என்று ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த ஷரத்துதான் என்னை உட்கார வைத்தது. உணர்ச்சி சார்ந்த மதிப்பு மட்டுமே உள்ள பொருள்களையோ, ஈடு செய்ய முடியாத பொருள்களையோ இங்கே வைக்கமாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதாவது, 22 பெட்டிகளில் அலமாரித் தட்டுகள் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் நான் ஒப்பந்தத்தை மீறி வைத்திருந்தேன். இது ஒரு குரூரமான ஷரத்து என்று முதலில் தோன்றியது. யோசித்தால், அதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. எங்களுக்கு இதன் மதிப்புத் தெரியாது, எங்களிடம் கொடுக்காதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

பாக்கி வைத்தவனுக்கு அந்த மாநிலத்தின் சட்டம் என்ன தருகிறது என்பதை அடுத்த சில இரவுகளில் வாசித்தேன். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தருகிறது. வாடகை 10 நாள் தாமதமாகும் வரை அபராதம் போடக் கூடாது. அபராதத்துக்கும் அளவு உண்டு. 100 டாலரும் அதற்கு மேலும் வாடகை உள்ள அறைக்கு மாதம் 20 டாலர் அல்லது வாடகையில் 15 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. என் கணக்கில் மாதம் 26 டாலர் 10 சென்ட் போட்டிருந்தார்கள். சரியாகவே போட்டிருந்தார்கள். 14 நாள் பாக்கி இருந்தால் முதல் கடிதம் அனுப்பலாம்; அதில் குறைந்தது இன்னும் 14 நாள் தவணை. அது கழிந்தபின் நம் பூட்டுக்கு மேல் தங்கள் பூட்டைப் போடலாம், உள்ளே நுழையலாம், பொருள்கள் மீது அவர்களுக்குப் பிடிமான உரிமை ஏற்படுகிறது. பிறகு இரண்டாவது கடிதம், மறுபடியும் குறைந்தது 14 நாள். இந்த இரண்டாவது கடிதத்துடன் ஒரு வெற்றுப் படிவத்தை இணைக்க வேண்டும். விற்பனையை எதிர்க்கிறேன் என்று அதில் எழுதி, பொய்யானால் தண்டனைக்குரியவன் என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் காலத்துக்குள் அனுப்பினால், கம்பெனி நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்காமல் விற்க முடியாது. படிவம் அனுப்பாவிட்டால் விளம்பரம், ஏலம். ஏலத்தில் பாக்கிக்கு மேல் ஏதாவது தேறினால் அது வாடகைக்காரனுக்கு. ஒரு வருஷத்துக்குள் கேட்காவிட்டால் கவுண்டியின் கஜானாவுக்கு. ஏலத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடம் போய்ப் பொருளைத் திருப்பிக் கேட்க முடியாது.

இவ்வளவும் தபால் பெட்டியை நம்பித்தான் நடக்கிறது. கம்பெனி கடிதத்தை அனுப்பினால் போதும். நான் பெற்றேனா என்பது அவர்கள் கவலை அல்ல. நம் உரிமைகள் நம் முகவரியில் குடியிருக்கின்றன. நாம் வீடு மாறும்போது அவற்றையும் பெட்டி கட்டிக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அம்மாவின் வளையல் நினைவுக்கு வந்தது. 1978இல், நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அடகுக்கடையிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அம்மா அதை வாசித்துவிட்டு அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. நானும் ஏதும் கேட்கவில்லை. வளையல் மீண்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டமும் அடகு பிடித்தவன் விற்கும்முன் நியாயமான முன்னறிவிப்புத் தர வேண்டும், மிச்சத்தைத் திருப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தத் தபால் அட்டை அம்மாவுக்கு ஒரு சட்டபூர்வமான உரிமையாகத் தெரிந்திருக்காது, அவமானமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அடகில் பொருளைக் கொடுத்துப் பணம் வாங்குகிறோம். இங்கே பொருளையும் கொடுத்து, மாதாமாதம் பணத்தையும் கொடுத்து, கடைசியில் அதே பொருளைக் கடனுக்கு ஈடாக்குகிறோம்.

படிவத்தை வைத்துக்கொண்டு சட்டத்தை வாசித்துக்கொண்டிருந்த இரவுகளில் ஒரு பழைய வழக்கு கண்ணில் பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978 மே மாதம் தீர்ப்புச் சொன்ன வழக்கு, ஃப்ளாக் பிரதர்ஸ் எதிர் ப்ரூக்ஸ். நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் வெர்னான் நகரில் ஷர்லி ப்ரூக்ஸ் என்ற பெண்ணும் அவர் குடும்பமும் 1973 ஜூனில் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நகரத்து மார்ஷல் அவர்களுடைய சாமான்களை ஒரு கிடங்கில் வைக்க ஏற்பாடு செய்தார். கூலி அதிகம் என்று ப்ரூக்ஸ் சொன்னார். ஆனாலும் தெருவில் நிற்கும் சாமானுக்கு வேறு வழி இல்லை, எடுத்துப்போகச் சொன்னார். ஆகஸ்டில் கிடங்கிலிருந்து கடிதம் வந்தது: 10 நாளைக்குள் கணக்கைத் தீர்க்காவிட்டால் சாமான்கள் விற்கப்படும். அவர் வழக்குப் போட்டார். விசாரணை இல்லாமல் ஒருவருடைய உடைமையை விற்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பது அவர் கட்சி.

இதற்கு ஆறு வருஷம் முன்னால், 1972இல், அதே நீதிமன்றம் ஃப்ளோரிடாவிலிருந்து வந்த ஃப்யூன்டெஸ் வழக்கில், தவணையில் வாங்கிய அடுப்பையும் ஸ்டீரியோவையும் ஷெரிஃப் வந்து தூக்கிப்போவதற்கு முன் ஒரு விசாரணை வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆகவே ப்ரூக்ஸுக்கு நம்பிக்கை இருந்திருக்கும். ஆனால் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். ஷெரிஃப் வந்தால் அது அரசின் செயல். அரசியல் சட்டம் குறுக்கே நிற்கும். கிடங்குக்காரன் தானே விற்றால் அது தனியாரின் செயல். அரசு அதை அனுமதிக்கிறதே தவிர செய்யவில்லை என்று நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதினார். ஒருவருடைய சொத்தை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அரசிடமிருந்துதானே என்பது நீதிபதி ஸ்டீவன்ஸின் மாற்றுக் கருத்தின் சாரம். எனக்கு ஸ்டீவன்ஸ் சொல்வதுதான் சரி என்று படுகிறது. நான் பாக்கிக்காரன் என்பதால் அப்படிப் படுகிறது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் என் வழக்கிலும் சட்டம் சொல்லாமல் அந்தக் கம்பெனி என் பெட்டிகளைத் தொட முடியாது. சட்டம் சொன்னதும் தொட முடிகிறது. இதில் அரசு எங்கே ஒதுங்கி நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மாநிலங்கள் பிற்பாடு கொடுத்த முன்னறிவிப்புகளும் படிவங்களும், அரசியல் சட்டம் தராததைச் சட்டசபைகள் இரக்கப்பட்டுத் தந்தவை. அரசியல் சட்டம் தந்ததை நாட்டின் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம். இரக்கம் மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறுகிறது.

கலை இலக்கியத்தில் அக்கறை உள்ளவர்களுக்கு இந்த விஷயத்தில் விவியன் மையர் என்ற பெயரும் தெரிந்திருக்கும். 1926இல் நியூயார்க்கில் பிறந்து, சிகாகோவில் பணக்காரர்களுடைய குழந்தைகளை வளர்க்கும் தாதியாக நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். தெருவில் போகிறவர்களைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். யாருக்கும் காட்டவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படச்சுருள் பிரதிகள். கழுவப்படாத சுருள்களே ஏராளம். வயதான காலத்தில் ஸ்டோரேஜ் வாடகை கட்டாமல் போகவே, 2007இல் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஜான் மலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டியைச் சுமார் 400 டாலருக்கு வாங்கினார். சிகாகோவின் ஒரு பேட்டையைப் பற்றிய புத்தகத்துக்குப் பழைய படங்கள் தேடிக்கொண்டிருந்தவர். 2009 ஏப்ரலில் மையர் இறந்தார். அவருடைய படங்களை உலகம் பார்த்தது அதற்கப்புறம்தான்.

இந்தக் கதையை எல்லாரும் ஒரு அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். ஏலம் நடந்ததால்தான் படங்கள் வெளியே வந்தன, இல்லாவிட்டால் அழிந்திருக்கும் என்கிறார்கள். எனக்கு அதை அப்படிக் கேட்க முடியவில்லை. ஏலத்தில் மூன்று நான்கு பேர் பிரித்து வாங்கியதில் ஒரு வாழ்நாளின் வரிசை கலைந்துபோயிற்று என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2014இல் கிளம்பிய வழக்கு. பெட்டியை வாங்கியவருக்குப் படச்சுருள் சொந்தம். அதை அச்சிட்டு விற்கும் உரிமை சொந்தமா? அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின்படி பொருளும் பதிப்புரிமையும் வேறு வேறு. ஏலத்தில் போவது பொருள்தான். உரிமை, வாரிசு யாரென்று தேட வேண்டிய நிலையில், மையரின் எஸ்டேட்டிடமே இருந்தது. 2016இல் மலூஃபுக்கும் எஸ்டேட்டுக்கும் சமரசம் ஏற்பட்டது. ஸ்டோரேஜ்காரன் விற்க முடியாத ஏதோ ஒன்று பெட்டிக்குள் மிஞ்சியிருக்கிறது என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒரு சந்தர்ப்பமாக அதை நான் எடுத்துக்கொண்டேன். என் பெட்டிகளில் சிறுபத்திரிகைகளைத் தொட்டுப் பார்க்கக்கூட ஹேவர்டில் ஒரு ஆள் கிடைக்கமாட்டார். தமிழ் எழுத்து தெரியாதவருக்கு அது காகிதம், எடைக்கு விலை. தொலைக்காட்சியில் இந்த ஏலங்களைக் கேளிக்கையாகக் காட்டும் தொடர் 2010இலிருந்து ஓடியது. அதில் காகிதப் பெட்டியைத் திறந்ததும் ஏலக்காரர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். குடும்பப் புகைப்படங்களையும் சொந்த ஆவணங்களையும் ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிடும்படி பல இடங்களில் ஏலம் எடுத்தவரைக் கேட்டுக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான். ஏழு நோட்டுப் புத்தகங்கள் ஆவணம் என்று அவருக்கு யார் சொல்வது?

இந்த இடத்தில் சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொண்டேன். 1959இல் 'எழுத்து' தொடங்கியவர். தன் பிரசுரங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்த இதழ்களை நான் பெட்டியில் போட்டு, வாடகை கட்டி, பார்க்காமல் வைத்திருந்தேன். ஒன்பது வருஷத்தில் கட்டிய வாடகையைக் கூட்டிப் பார்த்தால் பதினாலாயிரம் டாலரைத் தொடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு செலவிட்டிருந்தால் நண்பருடைய நோட்டுகளைத் தட்டச்சு செய்து ஒரு தொகுப்பு போட்டிருக்கலாம். வைத்திருப்பதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவதற்குத்தான் அந்த அறை எனக்குப் பயன்பட்டிருக்கிறது. வாடகைப் பாக்கி மூன்று மாதம். இந்தப் பாக்கி ஐந்து வருஷம். அதற்கு யாரும் கடிதம் போடவில்லை.

மறுநாள் கம்பெனிக்குத் தொலைபேசி செய்தேன். மேனேஜர் ஒரு இளைஞர், மரியாதையாகப் பேசினார். என்னிடம் 400 டாலர் இருந்தது. அதைக் கட்டுகிறேன், மிச்சத்துக்கு ஒரு மாதம் தவணை கொடுங்கள் என்றேன். கட்டலாம், ஆனால் பாதிப் பணம் கட்டுவதால் ஏலம் நிற்காது, எழுத்தில் வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவரை முழுப் பணம்தான் நிறுத்தும் என்றார். ஒப்பந்தத்திலும் அப்படியே இருந்தது. நான் அவரிடம் நோட்டுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐ அம் சாரி, சார்" என்றார். அவருடைய பாட்டியின் பொருள்களும் எங்கோ இப்படிப் போயிற்றாம். அதற்கு மேல் அவரிடம் அதிகாரம் ஒன்றும் இல்லை.

அன்று இரவு அண்ணியைக் கூப்பிட்டு அந்தப் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏன், எதற்கு என்றார். நோட்டுகள் அதற்குள் இருப்பதைச் சொல்ல வேண்டி வந்தது.

வெகுநேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அவரு நோட்டு அதுக்குள்ள கெடக்குன்னு நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைக் கேட்பது போலக் கேட்டார். "பத்திரமா இருக்குன்னு சொன்னீங்க."

நான் ஏதோ சொன்னேன். பணத்தைத் தான் கட்டிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது தோன்றவில்லை.

படிவத்தை நிரப்புவதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. பாக்கி உண்மை. தொகை சரி. முறைப்படி கடிதங்கள் வந்திருக்கின்றன. எந்த அடிப்படையில் எதிர்ப்பது? மறுபடி மறுபடி வாசித்தேன். பாக்கி இல்லை என்று அது என்னைச் சொல்லச் சொல்லவில்லை. விற்பனையை எதிர்க்கிறேன் என்று மட்டுமே சொல்லச் சொன்னது. கூடவே, அவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தால் செலவும் என் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும் என்றும். பொய் சொல்லாமல் கையெழுத்திட முடிந்தது. தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் சாக்ரமெண்டோ முகவரியை அச்செழுத்துப் போல எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அதே சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

600 டாலருக்குக் கோர்ட்டுக்குப் போக எந்தக் கம்பெனிக்கும் இஷ்டம் இருக்காது. பத்து நாள் கழித்து அந்த இளைஞரே கூப்பிட்டார். அபராதத்தைத் தள்ளிவிடுகிறோம், வாடகையை மட்டும் கட்டி மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள், எழுத்தில் தருகிறோம் என்றார். 522 டாலர். பாதியை அண்ணி கட்டினார். இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்ட முடியாதவனுக்குச் சட்டம் அவகாசம்தான் கொடுத்தது. மிச்சம் வேறு இடத்திலிருந்து வந்தது. அந்த அவகாசமும் இல்லாதிருந்தால் மிச்சம் வந்து சேர நேரம் இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை 90 மைல் ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். என் பழைய பித்தளைப் பூட்டுக்கு மேல் அவர்களுடைய சிவப்புப் பூட்டு. இளைஞர் அதை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். தகரக் கதவைச் சுருட்டி மேலே தள்ளியபோது வந்த வாசனை நூலகத்தின் வாசனை அல்ல. நனைந்து காய்ந்த அட்டையின் வாசனை. எப்போதோ ஒரு மழையில் பின்சுவர் வழியாகத் தண்ணீர் வந்திருக்கிறது. கீழ் வரிசையில் ஐந்து பெட்டிகளின் அடிப்பாகம் கையோடு வந்தது. கசடதபற இதழ்கள் சில ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதற்கு யாரும் பொறுப்பு அல்ல என்று ஒன்பது பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

பதினெட்டாவது பெட்டி மேல் வரிசையில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நடு வரிசையில் இருந்தது. ஏழு நோட்டுகளில் ஆறு நன்றாக இருந்தன. ஏழாவதில் பாதிக்கு மேல் பேனா மை பரவி, நீலமாக ஒரு கறை மட்டும். அண்ணி அதைத்தான் முதலில் எடுத்துப் புரட்டினார். கறைக்கு நடுவே ஒரு பக்கத்தில் பால், தயிர், கொத்தமல்லி என்று கடைக் கணக்கு தப்பியிருந்தது. அது தன் கையெழுத்து என்றார்.

பெட்டிகளை அண்ணி வீட்டுக் கார் கொட்டகைக்கு இரண்டு தடவையாகக் கொண்டுபோனோம். நோட்டுகளை அவர் பெட்டியில் போட விடவில்லை. முன் இருக்கையில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அவற்றைத் தட்டச்சு செய்ய நானே கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். ஒவ்வொன்றாகக் கொண்டுபோகலாம், திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம் என்றார். முதல் நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஏல அறிவிப்பு வந்த உறையின் பின்பக்கத்தில் எண், தேதி, பக்கங்கள் 192 என்று எழுதி என்னிடம் நீட்டினார். அடியில் கையெழுத்துப் போட்டேன். முகவரியும் எழுதச் சொன்னார்.